பேனா தே மூர்த்தி

அத்தியாயம் 5

"இந்த வீட்டுல நாய் இல்லக்கா. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

மலேசியாவின் ரெங்கம் ஊரில், கடைசியாக இருந்த தாமான் குடியிருப்பில், ஒரு மாடி வீட்டின் முன்னால் மைவி காரை நிறுத்திவிட்டுக் குணாளன் இப்படிச் சொன்னான். பதினாறு வருஷம் குளுவாங் வட்டாரம் முழுக்க வீடு வீடாகப் போய் நீதிமன்ற சம்மன் கொடுத்தவன் அவன். அவன் கதவைத் தட்டினால் யாரும் தேத்தண்ணி கொடுத்ததில்லை. நாயை அவிழ்த்துவிட்டவர்கள்தான் அதிகம். வலது கெண்டைக்காலில் அதற்கு நாலு தழும்பு இருந்தது.

"நாய் இல்லாதவங்க எல்லாம் குற்றவாளின்னா, நான் என்ன ஆவேன்?" என்று கேட்டுக்கொண்டே ஜாக்லின் இறங்கினார்.

ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருஷம் ஜோகூர் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்றவர். சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்கு மலாயில் சொல்வார்; நீதிபதி சொல்வதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வார். ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்கார முடியாமல், குளுவாங்கில் ஒரு டயர் கடையின் மாடியில் 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டினார். பலகையைப் பிடித்துக்கொண்டு ஏணியில் நின்றவன் குணாளன். அதிலிருந்து இறங்கவே இல்லை.

இன்றைய கட்சிக்காரன் மூர்த்தி. காஹாங்கில் இருப்பவன், கூரைத் தகரமும் மழைநீர்க் குழாயும் பழுதுபார்ப்பது அவன் தொழில். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்த வீட்டில் குழாய் அடைப்பை எடுத்துவிட்டுப் போனான். அவன் போய் ஒரு மணி நேரத்தில், வீட்டுக்காரர் கேப்ரியல் மாடிப்படிக்குக் கீழே மண்டை அடிபட்டுக் கிடந்தார். உயிர் பிழைத்தது. பேச்சுதான் போய்விட்டது. தமிழ், மலாய், இங்கிலீஷ், எதுவும் வரவில்லை. வாயில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தொடர்.

"பேனா தே மூர்த்தி."

அவர் மேசையில் எப்போதும் இருக்கும் பழைய மைப்பேனாவையும் காணவில்லை. மகள் போலீசில் புகார் கொடுத்தாள். மூர்த்தியை இரண்டு நாள் உள்ளே வைத்து விசாரித்து, ஜாமீனில் விட்டார்கள். அவனை வேலைக்கு வைத்திருந்த முதலாளி, விஷயம் தெளிவாகும்வரை வராதே என்று சொல்லிவிட்டார்.

கேட்டுக்குப் பின்னால் மகள் ஐலீன் நின்றாள். சிங்கப்பூரில் வேலை, சனி ஞாயிறுதான் வருவாள். கண்ணுக்குக் கீழே மூன்று வாரத் தூக்கம் பாக்கி இருந்தது.

"மூர்த்தி அனுப்பின ஆளுங்களா? போயிடுங்க. இல்லன்னா போலீசுக்குப் போன் பண்ணுவேன்."

"பண்ணும்மா," என்றார் ஜாக்லின். "அவங்க வர்றதுக்கு அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் உங்க அப்பா பேசுறத நான் கேக்குறேன். இருபத்தாறு வருஷம் கேக்குறதுதான் என் வேலை. மூர்த்திதான் செஞ்சான்னு எனக்குக் கேட்டா, அதையும் நானே போலீஸ்ல சொல்றேன்."

ஐலீன் கேட்டைத் திறந்தாள்.

கீழே கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். கேப்ரியல் தலையணையில் சாய்ந்திருந்தார். எழுபத்தொரு வயது, தலையில் முடி மழித்த இடத்தில் தையல். பக்கத்தில் ஒரு பெரியவர் கிண்ணத்திலிருந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"ஆலன் அங்கிள்," என்றாள் ஐலீன். "பக்கத்துத் தெரு. அப்பாவோட இருபது வருஷ பிரெண்ட். அன்னைக்கு அப்பாவை முதல்ல பார்த்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டது அவருதான்."

ஆலன் தலையசைத்தார். ஜாக்லின் "வணக்கம்" என்றதும் அவர் கையிலிருந்த கரண்டி கிண்ணத்தில் பட்டுச் சத்தம் போட்டது. குணாளன் அதைக் கவனித்தான். இன்னொன்றையும் கவனித்தான்: அந்த மனிதர் ஜாக்லினின் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். சம்மன் கொடுத்த காலத்தில் அவன் கற்றது இது. பயந்தவன் உன் கையைப் பார்ப்பான், கோபக்காரன் கண்ணைப் பார்ப்பான். வாயைப் பார்க்கிறவன் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஜாக்லின் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். "சொல்லுங்க அங்கிள். அவசரமில்ல."

கேப்ரியலின் உதடு துடித்தது. கண் ஆலன் பக்கம் போய் வந்தது. "பேனா… தே… மூர்த்தே."

"இன்னொரு தரம்."

"பேனா தே மூர்த்தே."

மூன்றாவது தரமும் சொல்லவைத்துவிட்டு ஜாக்லின் எழுந்தார். "இது மூர்த்திதான்னு முதல்ல யார் சொன்னது?"

"நான்தான் கேட்டேன், மூர்த்தின்னு சொல்றாரான்னு," என்றாள் ஐலீன். "அங்கிளும் ஆமான்னாரு."

"அப்படித்தானே கேக்குது," என்றார் ஆலன், கிண்ணத்தைப் பார்த்தபடி.

"அப்பாவோட ரூமைப் பார்க்கலாமா?"

மாடியறையில் அலமாரி முழுக்க பிஸ்கட் டின்கள். ஒவ்வொரு டின்னிலும் ஓர் எழுத்து ஒட்டியிருந்தது.

"அலமாக்! இவ்வளவு பிஸ்கட் சாப்பிட்டா சர்க்கரை வியாதி வராதா?" என்று குணாளன் ஒன்றைத் திறந்தான். உள்ளே பிஸ்கட் இல்லை. அடுக்கடுக்காக அட்டைகள்.

"அப்பா நாற்பது வருஷம் வக்கீல் ஆபீஸ்ல கிராணி, குமாஸ்தா வேலை," என்றாள் ஐலீன். "சட்டப் பேப்பர்ல வர்ற லத்தீன் சொல்லுங்க மேல அவருக்குப் பைத்தியம். அதோட வாலையெல்லாம் வெட்டிட்டு, இலக்கணத்தைச் சுருக்கி, சொந்தமா ஒரு பாஷை செஞ்சாரு. லெக்ஸினோன்னு பேரு. இதெல்லாம் அதோட சட்ட அகராதி."

"சட்டத்துக்கு மட்டும் ஒரு பாஷையா? எதுக்கு?"

"கோர்ட்டுல தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லாருக்கும் ஒரே சொல் இருந்தா, நடுவுல நின்னு யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்னு சொல்வாரு."

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தானா!" என்று சிரித்தார் ஜாக்லின். "இந்தப் பாஷை வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. உலகத்துலேயே அப்பா ஒருத்தருக்குத்தான். எனக்கு ஒரு சொல்கூட வராது. ஆலன் அங்கிள்கூட, எனக்கு அதெல்லாம் புரியாதும்மா, காப்பி குடிக்க வர்றவன்னு சொல்வாரு."

குணாளனின் கண் அலமாரிக்கு மேலே போனது. அங்கே ஒரு பிளாஸ்டிக் பை, வாய் கட்டியபடி. "அது என்ன?"

"ஆஸ்பத்திரியில கொடுத்தது. அன்னைக்கு அப்பா போட்டிருந்த துணி." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ரத்தக் கறை இருக்கும். நான் திறக்கவே இல்ல."

குணாளன் திறந்தான். காய்ந்து விறைத்துப்போன ஒரு வெள்ளைச் சட்டை. அதன் பையில் விரலை விட்டு, ஒரு கறுப்பு மைப்பேனாவை வெளியே எடுத்தான்.

"இந்தாங்கக்கா. மூணு வாரமா ஜோகூர் போலீஸ் தேடுற குற்றவாளி. சட்டைப் பையில படுத்துத் தூங்கிட்டிருக்கான்."

ஐலீன் மேசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ… அப்பா பேனாவைக் கேக்கலையா?"

"அவர் எந்தப் பாஷையில பேசுறாருன்னு யாரும் கேக்கலையே," என்றார் ஜாக்லின். "மூணு வாட்டி சொன்னாரு. மூணு வாட்டியும் கடைசி எழுத்து 'தே'. மூர்த்தின்னா 'தி'ல முடியணும். மண்டை அடிபட்டவர் உளறுனா ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரி வரும். இவர் அச்சுல ஊத்துன மாதிரி ஒண்ணையே சொல்றாரு. குணா, 'பி' டின்னை எடு."

அட்டைகளை அவர் விரல் தள்ளிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றது. நீல மையில், குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு சொல். பக்கத்தில் இங்கிலீஷில் பொருள்.

"பேனா," என்று படித்தார் ஜாக்லின். "தண்டனை."

அடுத்த அட்டை. "பேனா தே மோர்த்தே. மரண தண்டனை."



"எல்லாம் போயும், அவரே செஞ்ச பாஷை மட்டும் மூளையில எங்கயோ தங்கியிருக்கு," என்றார் ஜாக்லின். "உங்க அப்பா மூர்த்தியைச் சொல்லலம்மா. தூக்கைச் சொல்றாரு."

"யாருக்குத் தூக்கு?" என்றாள் ஐலீன்.

குணாளன் அந்த அட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஏதோ உறுத்தியது. நீல மையோடு, சில அட்டைகளில் பச்சை மையும் இருந்தது. மெலிந்து சாய்ந்த கையெழுத்து. ஓர் இடத்தில் நீலச் சொல்லை அடித்துப் பச்சையில் வேறு சொல். இன்னோர் இடத்தில் சொல்லுக்கு உதாரணமாகப் பச்சையில் முழு வாக்கியம்.

"அக்கா, நீலம் கேக்குது, பச்சை பதில் சொல்லுது. ஒரே ஆளு ரெண்டு கையெழுத்துல தனக்குத்தானே சண்டை போட மாட்டான். இந்தப் பாஷை தெரிஞ்ச இன்னொருத்தன் இருக்கான்."

"இருக்கான். இருந்தும் மூணு வாரமா வாயைத் திறக்கல." ஜாக்லின் டின்களை வரிசையாகப் பார்த்தார். "எல்லா அட்டைக்கும் மூலையில நம்பர் போட்டிருக்காரு. பாரு."

அதுதான் குணாளனின் தொழில். சம்மன் கட்டில் ஒரு நம்பர் விட்டுப்போனால் மேலதிகாரி தோலை உரிப்பார். பத்து நிமிஷத்தில் ஒவ்வொரு டின்னாக விரலை ஓட்டிவிட்டு, 'ஐ' டின்னில் நின்றான்.

"இருநூற்றுப் பதினொண்ணு இருக்கு. பதிமூணு இருக்கு. பன்னிரண்டைக் காணோம். இந்த வீட்டுல காணாமப் போனது பேனா இல்லக்கா. ஓர் அட்டை."

"இருநூற்றுப் பதினொண்ணு என்ன சொல்?"

"இன்டர்… என்னமோ. வாய்ல நுழையல."

ஜாக்லின் வாங்கிப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தார். கேப்ரியல் ஆசையாக அச்சடித்து வைத்திருந்த வெற்றுப் படிவங்கள் ஒரு கட்டு இருந்தன: லெக்ஸினோவில் வாக்குமூலப் படிவம். கீழே கையெழுத்துக்கு இரண்டு கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொல்; அவற்றின் பொருளை ஜாக்லின் அட்டைகளில் தேடிப் பார்த்தார். அதைப் பார்த்ததும் ஜாக்லினின் முகத்தில் குணாளனுக்குப் பழக்கமான ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

"மூர்த்தி கடைத்தெரு காப்பிக்கடையில காத்துக்கிட்டிருக்கான். வரச் சொல்லு."

மூர்த்தி உள்ளே வந்தபோது வாசலிலேயே நின்றான். ஒல்லியான ஆள்; வெயிலில் கறுத்த கழுத்து. ஐலீன் அவனைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். ஆலன் எழுந்தார். "நான் அப்புறம் வரேன். கோயில்ல கூட்டம் இருக்கு."

"ரெண்டு நிமிஷம், மிஸ்டர் ஆலன்," என்று ஜாக்லின் மூன்று படிவங்களை மேசையில் வைத்தார். "அங்கிள் சொல்றத இன்னைக்கு எல்லாரும் கேட்டோம்னு எழுதி வைக்கணும். அவரோட சொந்தப் படிவத்துலயே போடலாம்னு பார்த்தேன், சந்தோஷப்படுவாரு. ஆளுக்கு ஒண்ணு. கையெழுத்து மட்டும் போதும்."

ஐலீன் முதல் படிவத்தில் போட்டாள். மேல் கோட்டில்.

மூர்த்தி பேனாவை ஸ்பேனர் மாதிரி பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாகப் போட்டான். மேல் கோட்டில்.

ஆலன் மூன்றாவது படிவத்தை இழுத்தார். பேனா மேல் கோட்டுக்குப் போனது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கிக் கீழ்க் கோட்டில் போட்டது.

"மேல் கோடு சூடா இருந்துச்சா?" என்றான் குணாளன்.

"என்ன?"

"மேல இடம் காலியா இருக்கே, மிஸ்டர் ஆலன்," என்றார் ஜாக்லின் மிருதுவாக. "ரெண்டு கோடு காலியா இருந்தா மனுஷன் கை தானா மேல் கோட்டுக்குத்தான் போகும். இவங்க ரெண்டு பேரும் அங்கதான் போட்டாங்க. மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. 'ரேயோ'. குற்றம் சாட்டப்பட்டவர். கீழ 'தெஸ்தே'. சாட்சி. ஒரு சொல்லும் புரியாத நீங்க மட்டும் எப்படிச் சரியான கோட்டுக்கு வந்தீங்க?"

"தற்செயலா…"

"தற்செயல்னு ஒத்துக்கிறேன். ஆனா கையெழுத்து?" ஜாக்லின் ஒரு பச்சை மை அட்டையைப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அதே மெலிந்த, சாய்ந்த எழுத்து. 'ஆலன்' என்ற பெயரின் முதல் எழுத்தான 'ஏ', அட்டையிலும் அதே மாதிரி வயிறு ஒட்டிப்போயிருந்தது.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஒரு புதுச் சொல்.

"தெஸ்தே," என்றார் கேப்ரியல். கை தூக்க முடியவில்லை; கண்ணால் ஆலனைக் காட்டினார். "தெஸ்தே."

ஐலீன் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

ஆலன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைச் சுற்றியிருந்த காற்றெல்லாம் போய்விட்டது போல இருந்தது. சட்டைப் பையிலிருந்து சின்ன ஜெபப் புத்தகத்தை எடுத்து, அதற்குள்ளிருந்து ஓர் அட்டையை உருவி நீட்டினார். மூலையில் இருநூற்றுப் பன்னிரண்டு.

"நீங்களே படிங்க," என்றார் ஜாக்லினிடம். "உங்களுக்குப் படிக்கத் தெரியும்."

குணாளனுக்கு அந்த 'உங்களுக்கு' என்ற சொல் பிடிக்கவில்லை. அதில் ஏதோ பழைய அறிமுகம் தெரிந்தது.

ஜாக்லின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மேலே நீலத்தில் தலைப்புச் சொல்: 'இன்டர்பிரெத்தே'. கீழே பச்சையில் உதாரண வாக்கியங்கள். கோர்ட்டில் காதில் விழுந்த லத்தீனும் மாடியில் புரட்டிய அட்டைகளும் கைகொடுத்தன; மிச்சம் இருபத்தாறு வருஷப் பழக்கம். ஒரு வரி படித்து, உடனே தமிழில் சொல்லி, அடுத்த வரிக்குப் போனார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"இயோ எஸ் தெஸ்தே. நான் சாட்சி.

"இயோ திசே, சிமிலே. நான் சொன்னேன், 'மாதிரி'.

"இன்டர்பிரெத்தே திசே, இப்சோ. மொழிபெயர்ப்பாளர் சொன்னாங்க, 'அவனேதான்'.

"யூதிசே ஸ்கிரிபே, இப்சோ. நீதிபதி எழுதிக்கிட்டாரு, 'அவனேதான்'.

"ரேயோ ஜீவன் அச்சிபே பேனா தே மோர்த்தே. குற்றம் சாட்டப்பட்ட ஜீவனுக்கு மரண தண்டனை கிடைச்சது.

"இயோ ஆவுதி. இயோ தாசே. எனக்குக் கேட்டது. நான் வாயைத்…"

குரல் அங்கே நின்றுவிட்டது.

குணாளன் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறான். பாதிரியாரை, பள்ளி ஆசிரியரை, ஒரு தடவை தன் சொந்த மச்சானை. ஜாக்லின் அக்காவைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது அவர் 'அந்த மொழிபெயர்ப்பாளர் நான் இல்லை' என்று சொல்வார் என்று காத்திருந்தான். அவர் சொல்லவில்லை.

"அந்த மொழிபெயர்ப்பாளர்…" என்றார் ஜாக்லின்.

"உங்க குரலை நான் மறக்கல," என்றார் ஆலன். "நீங்க வாசல்ல 'வணக்கம்' சொன்னதும் தெரிஞ்சுபோச்சு."

பிறகு அவர் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் பாலோ ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி. அங்கே மேற்பார்வையாளர் ஒருவரை யாரோ வெட்டிப் போட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் மரங்களுக்கு நடுவே ஒருவன் ஓடுவதை ஆலன் பார்த்தார். நீதிமன்றத்தில் கேட்டார்கள், யார் அது என்று.

"ஜீவன் மாதிரி இருந்துச்சுன்னு சொன்னேன். நீங்க மலாய்ல 'அது ஜீவன்'னு சொன்னீங்க. எனக்கு மலாய் நல்லாவே தெரியும். தமிழ்ல பேசினா தைரியமா இருக்கும்னுதான் தமிழ் கேட்டேன். கேட்டதும் திக்குன்னுச்சு. அந்த இடம், ஜட்ஜு, எல்லாரும் பாக்குறாங்க. திருத்துனா கோவிச்சுக்குவாங்களோன்னு நின்னேன். மறுநாள் சொல்லிடலாம்னு நினைச்சேன். மறுநாள் என்னைக் கூப்பிடல."

"ஜீவன்?" என்றான் குணாளன்.

"இருக்கான். சட்டம் மாறுனப்போ தூக்கை ரத்து பண்ணிட்டாங்க. ஆனா ஜெயில் ரத்தாகல. கேப்ரியல் அப்போ அவனுக்காக வாதாடுன வக்கீல்கிட்ட கிராணி. அந்தக் கேஸுலதான் எங்களுக்குப் பழக்கம். இந்தப் பாஷையை நான் கத்துக்கிட்டேன். அப்புறம் ஒருநாள், யாருமே படிக்க முடியாத இடத்துல எழுதி வெச்சா மனசு ஆறும்னு…" அவர் கட்டிலைப் பார்த்தார். "படிக்கிறவன் ஒருத்தன் இருந்தான். அவன் விழுந்த அன்னைக்குத்தான் படிச்சான். உடனே வக்கீல்கிட்ட போறேன்னான். நான் அட்டையைப் பிடுங்கிக்கிட்டு இறங்குனேன். பின்னாலயே வந்தான். கால் இடறிடுச்சு. சத்தியமா நான் தள்ளலம்மா, ஐலீன்."

"மூர்த்தி பேரை நான் கேட்டப்போ?" ஐலீன் அப்பாவின் கையை விடாமலே கேட்டாள். "அப்பா என்ன சொல்றாருன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே ஆமான்னீங்க!"

"ஆமா. ரெண்டாவது தடவையும் வாயை மூடிக்கிட்டேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்கே திரும்பியிருந்த மூர்த்தி சொன்னான். "என் பொண்ணு மூணு வாரமா பள்ளிக்கூடம் போகலங்க. பேனா திருடன் மகள்னு கூப்பிடுறாங்களாம்."

ஐலீன் எழுந்துபோய், அவன் முன்னால் நின்று, கை கூப்பினாள்.

அன்றே குணாளன் ஆலனையும் ஐலீனையும் காரில் ஏற்றிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனான். வாக்குமூலம் எழுதி முடிக்க நாலு மணி நேரம் ஆனது. ஐலீன் புகாரைத் திரும்ப வாங்கினாள்; மூர்த்தியின் முதலாளிக்கும் அங்கேயே நின்று போன் செய்தாள். ஜாக்லின் கேப்ரியலின் கட்டில் பக்கத்திலேயே இருந்துகொண்டார். குணாளன் திரும்பி வந்தபோது அந்த அட்டையின் படம் அவருடைய போனில் திறந்தபடி இருந்தது.

குளுவாங்குக்குத் திரும்பும் வழியில் குணாளனே ஆரம்பித்தான்.

"அக்கா. அந்த ஆளு சொல்றது உண்மைதானா? மூணு வாரமா பொய்யிலேயே நின்னவன். இதுவும் பொய்யா இருக்கலாம்ல?"

"எனக்கு ஞாபகம் இல்ல, குணா."

"அப்போ விடுங்க. ஞாபகம் இல்லாததுக்கு யார் என்ன செய்ய முடியும்?"

"கேஸ் ஞாபகம் இல்ல. பழக்கம் ஞாபகம் இருக்கு." அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். "நம்ம ஆளுங்க எதுக்கெடுத்தாலும் 'மாதிரி'ன்னு சொல்வாங்க. வயிறு வலிக்கிற மாதிரி இருக்கு, மழை வர்ற மாதிரி இருக்கு. மரியாதைக்குச் சொல்றது. நான் புதுசா வேலைக்குச் சேர்ந்தப்போ எல்லாத்தையும் அப்படியே சொன்னேன். ஒரு ஜட்ஜு கத்துனாரு, 'ஆமாவா இல்லையா, அதைச் சொல்லு'ன்னு. அதுக்கப்புறம் 'மாதிரி'யை விட்டுட்டே சொல்லிப் பழகிட்டேன். வருஷக்கணக்கா. வேகமான ஆளுன்னு எனக்கு நல்ல பேரு."

குணாளன் காரின் வேகத்தைக் குறைத்தான்.

"ஜீவன் கேஸ்ல நான் விட்டேனான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அந்தப் பழக்கம் எனக்கு இருந்துச்சுன்னு பண்ண முடியும். கோர்ட்டு ரெக்கார்டுல இருக்கறது நான் சொன்ன மலாய் மட்டும்தான். ஆலன் சொன்ன தமிழ் எங்கயும் இல்ல. அவரோட வார்த்தையை மட்டும் யார் நம்புவா? என்னோடதும் சேர்ந்தாத்தான் ஜீவனை விடச் சொல்லி மனு போட முடியும்."

"போட்டா உங்க பேரு நாறிடும்க்கா. நீங்க பார்த்த மத்த கேஸையெல்லாம் தோண்டுவாங்க."

"தோண்டட்டும். தோண்டணும்."

திங்கட்கிழமை காலை ஜோகூர் பாரு. சத்தியப் பிரமாணப் பத்திரம் வாங்கும் ஆணையரின் சின்ன அலுவலகம். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜீவனின் இப்போதைய வக்கீல் ஜாக்லினின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். நாலு பக்கம்.

கடைசி நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலைச் சீருடை; மடியில் கைப்பை. வக்கீல் தாழ்ந்த குரலில் அறிமுகப்படுத்தினார். "சாந்தினி. ஜீவனோட தங்கச்சி."

ஜாக்லின் அவள் முன்னால் போய் நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கும் ஜாக்லின் அக்காவைக் குணாளன் அன்றுதான் பார்த்தான்.

"உங்க முகம் எனக்கு ஞாபகம் இல்ல," என்றாள் சாந்தினி. "பேசுங்க, பார்ப்போம்."

"என் பேரு ஜாக்லின்மா. அன்னைக்கு…"

"நீங்கதான்." சாந்தினியின் கை கைப்பையை இறுக்கியது. "தீர்ப்பு அன்னைக்கு ஜட்ஜு மலாய்ல என்னமோ சொன்னாரு. எங்கம்மாவுக்கு மலாய் அவ்வளவா வராது. என்னைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க. அப்புறம் நீங்க திரும்பி, அண்ணனைப் பார்த்துத் தமிழ்ல சொன்னீங்க. உயிர் போகும்வரை தூக்குல போடணும்னு. எங்கம்மா அதைக் கேட்டது உங்க வாயாலதான்."

"ஆமா," என்றார் ஜாக்லின். "நான்தான் சொன்னேன்."



"அம்மா போயிட்டாங்க," என்றாள் சாந்தினி. "அண்ணனுக்குத் தலையெல்லாம் நரைச்சிடுச்சு. நீங்க மன்னிப்பு கேக்க வந்திருந்தா, எனக்கு வேணாம்."

"அதுக்கு வரலம்மா. சாட்சி சொல்ல வந்தேன்."

உள்ளிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். ஜாக்லின் பத்திரத்தை வாங்கிக்கொண்டு கதவருகே போனபோது, சாந்தினி எழுந்து நின்றாள்.

"ஆன்ட்டி."

ஜாக்லின் திரும்பினார்.

"இந்த வாட்டி ஒரு வார்த்தைகூட விட்டுடாதீங்க."